வன்னியைச் சுற்றி நான்கு நாட்கள்

யாழ்ப்பாணத்தவர் பலர் வன்னியை நூறு முறை கடந்திருப்பர். வன்னிக்கு ஒருமுறையேனும் போயிருக்கமாட்டார். கொழும்புக்குப் புறப்படும் வண்டி ஆனையிறவைத் தாண்டும்வரை விழித்திருந்து, முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காயுடைத்துக் கச்சானும் வாங்கிக்கொண்டு, மாங்குளத்தில் உறங்கி, வவுனியாவில் தேநீருக்காகக் கண்விழிப்பது நம்மவரின் நெடுநாளைய வழக்கம். இடையிலே கிடப்பது காடு என்று சொல்லிவிடுவர். அந்தக் காட்டுக்குள்ளே மூன்று மாவட்டங்கள் இருக்கின்றன. அவற்றுள் முல்லைத்தீவு மாவட்டம் மாத்திரம் 2,617 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. யாழ்ப்பாண மாவட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு பெரியது. ஆயினும் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது அங்கே வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 92,000 பேரே.

ஒருகாலத்தில் உத்தியோகத்தருக்கும் ஆசிரியருக்கும் வன்னிக்கு மாற்றம் என்றால் அது தண்டனை என்றே பொருள்பட்டது. அக்காலத்தில் அங்கு மலேரியாக் காய்ச்சல் கொடிதாயிருந்தது உண்மையே. இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016 ஆம் ஆண்டில் சான்றிதழ் அளித்துவிட்டது. நம்மவர் மனத்திலுள்ள வன்னிக் காய்ச்சலுக்குத்தான் இன்னும் எவரும் சான்றிதழ் கொடுக்கவில்லை.

மாசி மாதக் கடைசியில் நான்கு நாள் விடுமுறை வாய்த்தது. இருபது ஆண்டு இல்லறத்தில் நாமிருவரும் தனித்துச் செய்த நெடும்பிரயாணங்கள் இரண்டே. அவற்றுள் ஒன்று கொழும்பிலே கண்வைத்தியரிடம் போனது. எனவே இம்முறை எந்த அலுவலுமின்றி, எமது சிறிய மோட்டார் வண்டியில் வன்னியைச் சுற்றிவருவதென்று முடிவு செய்தோம். மணிக்கு நாற்பது கிலோமீற்றருக்கு மேற் போவதில்லை என்பதும், பெயர் பிடித்த ஊரில் எல்லாம் இறங்குவது என்பதும் எமது துணைவியார் விதித்த இரண்டு நிபந்தனைகள். இரண்டாவது நிபந்தனையின் விபரீதம் அப்போது எமக்கு விளங்கவில்லை. வன்னியிலே பெயர் பிடிக்காத ஊரென்று ஒன்று இல்லை.

முதல்நாள் ஏ-9 வீதியிலே தெற்கு நோக்கிச் சென்றோம். யானைகள் கடந்த துறையென்று பெயர்பெற்ற ஆனையிறவிலே இன்று கடப்பவை பேருந்துகளும் புகைவண்டியுமே. 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளில் இந்த ஒடுங்கிய நிலத்துக்காக நடந்த சண்டைகளை நம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். இருபுறமும் உப்பளம் வெயிலிலே கண்ணைக் கூசவைத்தது. முறிகண்டியில் வழக்கப்படி இறங்கினோம். இங்கே நிற்காமற் போகும் வண்டியை நாம் இதுவரை கண்டதில்லை. எம்மதத்துச் சாரதியும் இறங்குகிறார். பிரயாணத்தில் விக்கினம் வரக்கூடாதென்ற ஆசை எல்லோருக்கும் பொதுவாயிருப்பதால், இவ்வீதியிலே பிள்ளையார் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டார் போலும்.

வவுனியாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வவுனியா விளாங்குளம் என்று பழைய ஏடுகள் குறிக்கும் அவ்வூர், இன்று கடைத்தெருவும் கந்தோர்களும் நிறைந்த பெருநகரமாகிவிட்டது. 2021 ஆம் ஆண்டு முதல் அதற்கெனத் தனிப் பல்கலைக்கழகமும் உண்டு. நகருக்கு அப்பால் செட்டிகுளம் பக்கத்திலேதான், 2009 இல் போரின் முடிவில் வெளியேறி வந்த மக்களில் மிகப் பெரும்பாலோர் மெனிக்பாம் முகாம்களிலே முட்கம்பிக்குள் வைக்கப்பட்டனர். அம்முகாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. வவுனியாவில் ஓரிரவு தங்கி, மறுநாட் காலை புளியங்குளத்திலே கிழக்கே திரும்பினோம்.

உண்மையான வன்னி இங்கேதான் தொடங்குகிறது. ஏ-9 வீதியைப் பிடித்துக்கொண்டு போகிறவரையில் வன்னி கண்ணுக்குத் தெரிவதில்லை. குறுக்கே போகவேண்டும். முதிரையும் பாலையும் வீரையும் வீதியோரம்வரை வந்து நிற்கின்றன. அறுவடை முடிந்த காலமாதலால், தார் வீதியின் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. படங்கு விரித்து நெல்லைக் காயவிட்டு, காலால் அளைந்துகொண்டிருந்த பெண்கள் எமது வண்டிக்கு வழிவிடவில்லை. நெல்லுக்கு நாமே வழிவிட்டு ஓரமாகப் போனோம். அதுவே முறை.

ஊர்ப்பெயர்களை வாசித்துக்கொண்டு வந்த துணைவியார், "இஞ்சாருங்கோ, இந்தப் பேரெல்லாம் தண்ணியைப் பற்றின பேரல்லோ?" என்றார். எண்ணிப் பார்த்தோம். புளியங்குளம், மாங்குளம், கனகராயன்குளம் என்பன குளங்கள். இரணைமடு, விசுவமடு, கற்சிலைமடு என்பன மடுக்கள். முத்தையன்கட்டு, உடையார்கட்டு என்னும் பெயர்களிலே அணையைக் கட்டியவனின் ஞாபகம் இருக்கிறது. தண்ணிமுறிப்பு என்ற பெயரிலே கட்டு முறிந்த ஞாபகம் இருக்கிறது. நீரைக் கட்டியதும், அது முறித்துக்கொண்டு போனதும், மறுபடியும் கட்டியதுமான கணக்கையே இந்நாட்டார் ஊர்ப்பெயராக எழுதிவைத்திருக்கிறார்கள். அ. பாலமனோகரன் எழுதிய 'நிலக்கிளி' (1973) என்னும் நாவலின் கதை தண்ணிமுறிப்பிலே நிகழ்வது. மாணவப் பருவத்தில் அதனைப் படித்தபோது அந்த ஊர்ப்பெயர் கற்பனையென்றே நாம் எண்ணியிருந்தோம்.

நெடுங்கேணிக்குப் போகும் வழியில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு சிறு குளத்தின் கட்டிலே வண்டியை நிறுத்தினோம். கட்டின் ஓரத்து மருதமர நிழலிலே ஒரு சூலமும் இரண்டு கல்லும் இருந்தன. ஐயனார் என்றார், அங்கே சைக்கிளோடு நின்ற கமக்காரர். காவலுக்கு ஐயனாரும், தண்ணீர் திறக்க ஒரு துருசும், மிகுந்த வெள்ளம் பாய ஒரு வானும் உடையது குளம். கட்டிலே பங்கு உண்டு. குளத்தின்கீழ் எவருக்கு எவ்வளவு வயலோ, அவ்வளவுக்கு அவர் கட்டுக்கு மண் போடவேண்டும் என்பது பண்டைய வழக்கு. ஆங்கில அரசாங்கம் முதலில் இவ்வழக்கைக் குலைத்துவிட்டுப் பின்பு குளங்களெல்லாம் தூர்ந்து போவதைக் கண்டு, 1856 ஆம் ஆண்டு நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தினால் ஊர்வழக்குகளுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது.

போர்க்காலத்தில் இவ்வூரார் இடம்பெயர்ந்திருந்தபோது கட்டு உடைந்து, குளத்துக்குள்ளே காடு எழும்பி, யானை வந்து தங்கியதாம். மீளக் குடியேறிய ஆண்டு 2010.

"வந்தவுடனை வீட்டைத்தானே முதல்ல கட்டினியள்?" என்று துணைவியார் கேட்டார்.

அவர் சிரித்தார். "இல்லைப் பிள்ளை. வீடு பிறகு. தறப்பாளுக்குக் கீழ ஒரு மாரியைக் கழிக்கலாம். கட்டு உடைஞ்சு கிடந்தால் ஊரே இல்லை. முதல்ல கட்டைத்தான் போட்டனாங்கள். ஆம்பிளையள் இல்லாத வீட்டுப் பங்குக்குப் பொம்பிளையள் வந்து மண் சுமந்தவை."

இதைச் சொல்லும்போது அவர் முகத்திலே பெருமையோ துயரமோ தெரியவில்லை. வயலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அன்று உச்சிவேளையில் ஒட்டுசுட்டானில் தான்தோன்றீசுவரரைத் தரிசித்தோம். குரக்கன் அறுத்த பின் நின்ற ஒட்டுக்கு ஒரு கமக்காரன் தீ மூட்டியபோது ஓரிடம் மாத்திரம் வேகாது நின்றதாம். அவ்விடத்திலே சிவலிங்கம் வெளிப்பட்டது என்பது தலவரலாறு. வேகாவனம் என்றும் பெயர். வானளாவிய கோபுரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒரு குரக்கன் புலவிலே தோன்றிய சிவன் மிகவும் அண்மையானவராகத் தோன்றினார்.

அருகே கற்சிலைமடு. அடங்காப்பற்று என்று பெயரெடுத்த வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியன், 1803 ஆகஸ்ட் 25 இல் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலக் காவலைத் தாக்கிக் கைப்பற்றினான். அங்கிருந்து வள்ளமேறித் தப்பிய கப்டன் வொன் டிறிபேர்க் என்பவனே, அவ்வாண்டு அக்டோபர் 31 இல் இங்கு வந்து அவனைத் திடீரெனத் தாக்கி முறியடித்தான். அச்செய்தியைக் கல்லிலே பொறித்து நாட்டியதும் ஆங்கிலேயரே. வென்றவனின் புகழுக்காக வைத்த கல், தோற்றவனின் பெயரையல்லவா காத்துக்கொடுத்தது! டிறிபேர்க்கை இன்று இப்பகுதியிலே யார் நினைக்கிறார்கள்? பண்டாரவன்னியனுக்கோ வவுனியா நகரிலே சிலை நிற்கிறது.

பொழுதுசாயும் நேரம் முல்லைத்தீவை அடைந்தோம். கடல் மிக அமைதியாயிருந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் இதே கடல்தான் எழுந்து வந்து, இக்கரையோரத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. புனித இராயப்பர் ஆலயமும் அதற்குத் தப்பவில்லை. கரையிலே வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம், கடலைப் பார்க்கப் பயமில்லையா என்று கேட்க நினைத்துக் கேளாது விட்டோம். தொழிலுக்குப் போகிறவரிடம் கேட்கும் கேள்வி அன்று அது.

மூன்றாம் நாட் காலையில் முள்ளியவளை வழியாக வற்றாப்பளைக்குச் சென்றோம். மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து பத்தாவதாகத் தங்கிய இடம் பத்தாம்பளை. அது மருவி வற்றாப்பளை ஆயிற்று என்பர். வைகாசி விசாகப் பொங்கலுக்கு முன்னே கடலிலிருந்து நீரெடுத்து வந்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்தில் அந்த உப்புநீரையே விளக்கில் வார்த்து எரிப்பார்கள். எண்ணெயின்றி அவ்விளக்கு எரிவதைத் தரிசிக்க இலட்சக்கணக்கானோர் கூடுவர். நாம் சென்றபோது கோயில் ஆளரவமின்றி இருந்தது. பின்னாலே நந்திக்கடல், அசைவற்ற ஈயத்தகடுபோற் கிடந்தது. கணவனுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு நியாயம் கேட்டவள் கண்ணகி. அவளுடைய சந்நிதியிலிருந்து பார்த்தால், நீருக்கு அப்பாலே தெரியும் கரையின் பெயர் முள்ளிவாய்க்கால்.

வட்டுவாகற் பாலம் நீர்மட்டத்தை ஒட்டிய பழைய ஒடுங்கிய பாலம். 2009 மே மாதத்தில் உயிரோடு எஞ்சியவர்கள் கையிற் கிடைத்ததோடு இதன்வழியே வந்தார்கள். நாம் எதிர்த் திசையிலே சென்றோம். போரின் இறுதி மாதங்களில் 40,000 வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகள் சபைச் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011 இல் அறிக்கையிட்டது. ஒவ்வோராண்டும் மே 18 இல் முள்ளிவாய்க்கால் நினைவுமுற்றத்தில் உறவினர் கூடி விளக்கேற்றுகின்றனர். அந்நாட்களில் அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் காய்ச்சிய கஞ்சி தமிழூர்களெங்கும் வழங்கப்படுகிறது. முற்றுகைக்குள் கிடைத்த ஒரே உணவு அது. நாம் சென்ற நாளில் அங்கு வேறெவரும் இல்லை. காற்றும் மணலும் இளம் வடலிகளும் இருந்தன. துணைவியார் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். நாமும் அவ்வாறே செய்தோம்.

பின்பு புதுக்குடியிருப்பு, சுதந்திரபுரம், உடையார்கட்டு, விசுவமடு, தருமபுரம் என்று ஏ-35 வீதி மேற்கே போகிறது. இவையெல்லாம் செய்திகளிலே நாம் அச்சத்தோடு கேட்ட பெயர்கள். இப்பெயர்களுக்கு வேறொரு வரலாறும் உண்டென்பதை இளந்தலைமுறை அறியாது. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்கள் அமைந்தன. 1970 களின் முற்பகுதியில் அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைத் தடுத்தபோது இவ்வூர்கள் செத்தல் மிளகாயாற் சிவந்தன. உழவு இயந்திரமும் நகையும் வாங்கிய கதைகளை அக்காலத்தவர் இன்னும் சொல்லிச் சிரிப்பர். 1977 கலவரத்தில் அடிபட்டு மலையகத்திலிருந்து வந்தோரும் இந்த வீதியோரங்களிலேதான் காடு வெட்டிக் குடிசை போட்டார்கள். ஓரிடத்தில் அகதியாகி வந்து கட்டிய வீட்டிலிருந்து, மறுபடியும் அகதியாகப் புறப்பட்டவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றி நம்மவர் இன்னும் போதிய அளவு எழுதவில்லை என்பது எம் கருத்து.

கிளிநொச்சியில் எம்மிடம் உயர்தரம் கற்ற ஒரு மாணவரின் வீட்டிலே இராத்தங்கினோம். இப்போது அவரும் ஆசிரியர். 2009 இல் அவருக்கு வயது பதினான்கு. கிளிநொச்சி அவ்வாண்டு ஜனவரி 2 இல் இராணுவத்தின் வசமாவதற்கு முன்னரே குடும்பத்தோடு புறப்பட்டவர்கள். அதைப்பற்றி வகுப்பறையில் அவர் ஒருநாளும் பேசியதில்லை; நாமும் கேட்டதில்லை. அன்றிரவு புட்டும் எருமைத்தயிரும் உண்டபின் முற்றத்தில் இருந்தபோது, எந்த வழியால் வந்தீர்கள் என்று கேட்டார். சொன்னோம். எவ்வளவு நேரம் எடுத்தது என்றார். நின்று நின்று வந்தபடியால் மூன்று மணித்தியாலம், நேரே வந்தால் ஒன்றுதான் என்றோம்.

"நாங்கள் அந்த வழியை நாலு மாதம் போனனாங்கள், சேர்," என்றார்.

பிறகு, ஒவ்வோர் ஊரிலும் எத்தனை நாள், யாருடைய வளவில், எந்தப் பொருளை எங்கே விட்டார்கள் என்று நிதானமாகச் சொன்னார். தருமபுரத்தில் நெல்மூடைகள். உடையார்கட்டில் தையல் மெசின், மண்ணுக்குள்ளே புதைத்து. அதற்கப்பால் ஓரிடத்தில் தகப்பனார். அந்த இடத்தின் பெயரை அவர் சொல்லவில்லை. தையல் மெசினை மட்டும் 2011 இல் போய்த் தோண்டி எடுத்தார்களாம். துருவெடுத்து இப்போதும் தாயார் அதிலேதான் தைக்கிறார். திண்ணையில் இருந்த அதனைத் துணைவியார் எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தார்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20 இல் போராட்டத்தைத் தொடங்கிய கந்தசுவாமி கோயில் முன்றிலைக் காலையிற் கண்டோம். மாணவரே காட்டினார். தேடப்படுவோரின் படங்களைக் கையில் ஏந்தி இருந்த தாய்மாரில் பலர், விடை கிடையாமலே இறந்துவிட்டனர் என்றார்.

இரணைமடுவுக்குப் போகும்போது மனம் பாரமாயிருந்தது. கட்டின்மேல் ஏறியதும் அந்தப் பாரம் கண்ணுக்கு எட்டியவரை பரந்த நீரின்முன் சற்றே இளகியது. இரட்டை மடு என்பதே இரணைமடு. கனகராயன் ஆற்றை மறித்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கட்டப்பட்ட இக்குளமே வடமாகாணத்திற் பெரியது. கிளிநொச்சி என்ற பட்டினமே இதன் தண்ணீரால் உண்டானது. 1930 களில் குடியேற்றத் திட்டம் தொடங்குமுன் அங்கு கிளியும் நொச்சியுமே இருந்திருக்கவேண்டும். அண்மையில் கட்டை உயர்த்தி, 2018 முதல் 36 அடிக்கு நீர் தேக்குகிறார்கள். மாரியை நம்பிய காலபோகம் எல்லா வயலிலும் நடக்கும். கோடையிற் செய்யும் சிறுபோகமோ குளத்தில் எஞ்சிய நீரைப் பொறுத்தது. எத்தனை அடி நீர் இருக்கிறதோ அதற்கேற்ப எத்தனை ஏக்கர் விதைப்பது, எவரெவர்க்கு எவ்வளவு பங்கு என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே பேசித் தீர்ப்பார்கள்.

கட்டிலே மாடு மேய்த்துக்கொண்டு நின்ற முதியவர் எமது வண்டியையும் எம்மையும் மாறிமாறிப் பார்த்தார்.

"யாழ்ப்பாணமோ, தம்பி?"

"ஓம், ஐயா."

"தண்ணி கேக்க வந்தனியளோ?"

அவர் கண்ணிலே குறும்பு இருந்ததாயினும் அது வெறும் பகிடியன்று. இக்குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டமொன்று ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு வகுக்கப்பட்டபோது, தமது சிறுபோகம் போய்விடுமென்று இங்குள்ள கமக்காரர் எதிர்த்தார்கள். ஈற்றில் அத்திட்டம் மாறி, வடமராட்சி கிழக்குத் தாளையடியிலே கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கிணற்று நீரெல்லாம் உவர்ப்பாகியும் உரத்தால் மாசடைந்தும் வரும் குடாநாட்டிலிருந்து வந்த எமக்கு அம்முதியவரிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. எம்மூரின் தாகமும் பொய்யன்று; இவர்களுடைய அச்சமும் பொய்யன்று.

அவரே தொடர்ந்தார்: "குடிக்கத் தண்ணி இல்லையெண்டு சொல்லுற மனம் எங்களுக்கு இல்லைத் தம்பி. ஆனால் உங்கடையாக்கள் கேக்கிறதுக்கு முதல் ஒருக்கா இஞ்ச வந்து பாத்தவையோ? எல்லாம் கொழும்பிலயும் யாழ்ப்பாணத்திலயும் இருந்தல்லோ பேசினவை."

இதற்கு விடை எம்மிடம் இல்லை. கொண்டுபோன பனங்கட்டியிலே ஒரு குட்டானை அவரிடம் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு, இந்த முறை சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதும் என்றார்.

பரந்தனிலே மேற்கே திரும்பிப் பூநகரிக்குப் புறப்பட்டோம். இங்கே பெருங்குளங்கள் இல்லை. வானத்தை நம்பிய வயல்கள். மானாவாரியாக விளையும் மொட்டைக்கறுப்பன் நெல்லுக்கு யாழ்ப்பாணத்திலே தனி மதிப்பு உண்டு. வீதியோர வீடொன்றிலே அரைமூடை அரிசி வாங்கினோம். விலை பேசிய துணைவியார், கொடுத்த அம்மையாரோடு கஞ்சிப் பக்குவம் பேசத்தொடங்கி, ஒரு மணித்தியாலத்தின் பின்பே வண்டிக்கு வந்தார். ஒல்லாந்தர் கோட்டையின் சிதைவுகளை அவ்வளவில் நாம் தனியே பார்த்து முடித்திருந்தோம்.

சங்குப்பிட்டியிலே 2011 ஜனவரியில் பாலம் திறக்கப்படுமுன்னர் பாதையில் ஏறித்தான் கடலேரியைக் கடக்கவேண்டும். இப்போது ஐந்து நிமிடமும் ஆவதில்லை. பாலத்தின் நடுவிலே, நாம் பாராத இடங்களைத் துணைவியார் விரல்விட்டு எண்ணினார்: வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு, கொக்கிளாய், பறவைகள் கூடும் சுண்டிக்குளம். வைகாசியிலே பாலைப்பழம் பழுக்கும். வற்றாப்பளைப் பொங்கலும் அப்போதுதான். அதற்குள் வண்டியின் பின்சில்லு இரண்டையும் மாற்றவேண்டுமென்று சொல்லிவிட்டு, அரிசிமூடை சரியாமல் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.